ஞாயிற்றுக்கிழமைப் பட்டதாரிகள்

"ரெகுலரா, கரஸா?"

டிகிரி முடித்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னதும் நம் ஊரில் அடுத்து வரும் கேள்வி இது. பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்பார்கள். வேலைக்கு நேர்காணல் நடத்துகிறவர் கேட்பார். "கரஸ்" என்று சொல்லும்போது பலருக்குக் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. படித்தது பி.ஏ. வரலாறு, சமூகவியல் என்றால் கேட்டவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருப்பதில்லை.

அந்தக் குரல் தாழ வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, மூன்று ஆண்டிலோ ஆறு ஆண்டிலோ ஒருவர் வரலாறும் அரசியலும் சமூகவியலும் படித்து முடிப்பது, தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதைவிடக் கடினமானது. சரியாகப் படித்தால் அதைவிட ஆழமாகவும் படியும். அப்படிப் படிப்பது எதைப் பொறுத்திருக்கிறது, நம்மிடம் அது எங்கே பழுதாகிக் கிடக்கிறது என்பதைத்தான் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு ஸ்டடி சென்டருக்குப் போய்ப் பாருங்கள். வார நாட்களில் கல்லூரிப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் இருபது வயதிலிருந்து ஐம்பது தாண்டியவர்கள் வரை இருப்பார்கள். நைட் டியூட்டி முடித்து நேராக வந்த நர்ஸ், பதவி உயர்வுக்கு டிகிரி தேவைப்படும் அலுவலக உதவியாளர், குரூப் 2 தேர்வுக்குத் தயாராகும் துணிக்கடை ஊழியர், மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் தானும் சேர்ந்த அம்மா. பெரும்பாலோர் வருவது அந்தத் தாளுக்காகத்தான். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நம் ஊரில் ஒரு டிகிரி குடும்பத்தின் நிலைமையையே மாற்றுகிறது. ஆனால் தாளுக்காக வந்தவர்களில் சிலரைப் பாடம் பிடித்துக்கொண்டுவிடுகிறது. என் அக்கறை அவர்கள்மேல்.

அஞ்சலில் வந்த கல்லூரி

இந்தியாவில் இந்த வழி திறந்தது 1962-ல். டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய ஆண்டு அது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அதே பாதையில் இறங்கின. மாதாமாதம் தபாலில் பாடக்கட்டு வரும், வருடத்துக்கு ஒருமுறை பரீட்சை. ஆசிரியரின் முகம் தெரியாது. எழுதிய தேர்வுத்தாளில் என்ன தவறு செய்தோம் என்பதும் தெரியாது. மார்க்கோ அரியரோ மட்டும் தெரியும். இவ்வளவு குறைகளோடும் அந்தப் பாடக்கட்டுகள் பல லட்சம் வீடுகளுக்கு முதல் பட்டதாரியைக் கொடுத்தன. அந்தக் கடனை மறக்கக் கூடாது.

இதைவிட நல்ல முறை ஒன்று பிரிட்டனில் உருவாகிக்கொண்டிருந்தது. 1963-ல் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் கிளாஸ்கோவில் பேசும்போது, வானொலியும் தொலைக்காட்சியும் வழியாக நடக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். அதைச் செய்து முடிக்கும் பொறுப்பு ஜென்னி லீ என்ற அமைச்சரிடம் வந்தது. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் அவர். உழைப்பாளிகளுக்கு ஒரு மாற்றுக் குறைந்த டிப்ளமோ போதும் என்ற பேச்சை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. கொடுத்தால் முழுப் பட்டம், மற்றப் பல்கலைக்கழகங்களின் தரத்தில். சேர்வதற்கு மட்டும் எந்த முன்தகுதியும் கேட்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். கன்சர்வேட்டிவ் கட்சியின் இயன் மெக்லியோட் இந்தத் திட்டத்தை வெறும் உளறல் என்றே ஒதுக்கினார். 1969 ஏப்ரலில் ஓப்பன் யுனிவர்சிட்டி என்ற பெயரில் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது; புதிய கல்வி அமைச்சராக வந்த மார்கரெட் தாட்சர் அதை மூடாமல் விட்டார்.

1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 பேருடன் வகுப்பு தொடங்கியது. முதல் ஆண்டில் இருந்தவை நான்கே அடிப்படைப் பாடங்கள்: கலைத் துறைகள், சமூக அறிவியல், கணிதம், அறிவியல். தொடங்கிய அதே மாதத்தில் நாடு முழுக்கத் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். அஞ்சலை நம்பிப் பிறந்த பல்கலைக்கழகம் பாடப் பொட்டலங்களை வேறு வழிகளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது.

விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பிபிசியில் வந்த பாடங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாங்கி நிறுத்தியவை வேறு இரண்டு. ஒன்று, பாடநூலைத் தனி ஆசிரியர் எழுதாமல் ஒரு குழு எழுதியது. வரலாற்றாசிரியர் எழுதிய அத்தியாயத்தை இலக்கிய ஆசிரியரும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரும் படித்துக் குறை சொல்வார்கள், திருப்பி எழுதுவார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் அங்கே உரைகல். இரண்டாவது, ட்யூட்டர். ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் உண்டு. மாணவர் எழுதி அனுப்பும் கட்டுரையை அவர் வரி வரியாகப் படித்து, எங்கே வாதம் தளர்கிறது, எந்தச் சான்று போதாது என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். மார்க் அதற்குப் பிறகுதான். கலாச்சார ஆய்வுகளின் பெரும் பெயரான ஸ்டூவர்ட் ஹால் 1979-ல் பர்மிங்ஹாமை விட்டு இந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சமூகவியல் பேராசிரியராக வந்து 1997 வரை இங்கேயே இருந்தார். கல்லூரி வாசலை மிதிக்காதவர்களிடம் பேச வேண்டும் என்று அவர் விரும்பியதும் அதற்கு ஒரு காரணம். பிரிட்டனில் எல்லாம் நல்லபடியே நடந்தது என்று சொல்ல வரவில்லை. 2012-ல் இங்கிலாந்தில் கட்டணம் ஏறியபோது பகுதிநேர மாணவர் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்தது. ஆனாலும் அந்த ஓரக் குறிப்பு எழுதும் பழக்கம் ஒரு வகுப்பறைக்குச் சமம்.

3,600 மணி நேரம்

நம் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-ல் ஹைதராபாத்தில் பிறந்தது. இன்று அதற்கு அம்பேத்கர் பெயர். அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டியே 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் (இக்னோ) முதல் துணைவேந்தரானார். இலங்கையில் 1980-லேயே திறந்த பல்கலைக்கழகம் வந்துவிட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2002-ல் வந்தது.

இக்னோவின் பழைய இளங்கலைத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. பி.காம். சேர்ந்தவரும் பி.எஸ்ஸி. சேர்ந்தவரும்கூட கலைத் துறைகளும் சமூக அறிவியலும் சேர்ந்த அடிப்படைப் பாடம் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதேபோல் பி.ஏ. மாணவர் அறிவியல், தொழில்நுட்ப அடிப்படைப் பாடத்தைப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு விருப்பப் பாடங்களைக் கலந்து எடுத்துக்கொள்ளலாம். நம் கலைக் கல்லூரிகளில் பதினேழு வயதில் ஒரு மேஜரில் விழுந்தால் மூன்று வருடமும் அதற்குள்ளேதான். அலைடு பாடம் என்பது பக்கத்து வீட்டை ஜன்னல் வழியாகப் பார்ப்பது. வயது வந்தவருக்கு அது போதாது. மின்வாரிய அலுவலகத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பொது நிர்வாகமும் வேண்டும், பொருளாதாரமும் வேண்டும், ஒருவேளை கொஞ்சம் தத்துவமும் வேண்டும். 'நெகிழ்வான பட்டம்' என்று நாம் சொல்லும்போது நேரத்தை மட்டுமே நினைக்கிறோம். பாடங்களைச் சேர்த்துக்கொள்ளும் சுதந்திரம்தான் அதில் பெரிய பாதி.

நேரத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். இன்றைய தேசியக் கட்டமைப்பில் மூன்றாண்டு இளங்கலைக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 3,600 மணி. பிரிட்டனில் 360 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி நேரம். அங்கேயும் அதே 3,600. இதை மூன்று ஆண்டில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவருக்கு அது பாதி வேலைக்கு மேல். ஆறு ஆண்டுக்குப் பரப்பினால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணிக்கும் சற்றுக் குறைவு, அதாவது நாளுக்கு ஒன்றே முக்கால் மணி கூட இல்லை. விளம்பரங்களில் இந்தக் கணக்கு வருவதில்லை. சேர்கிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிட்டால் பாதி அரியர் வராது. ஆறு ஆண்டு எடுத்துக்கொள்வது தோல்வி என்று வீட்டாரும் நினைக்கக் கூடாது. அந்தப் படிப்பு வடிவமைக்கப்பட்டதே அப்படித்தான்.

ஸ்ரீபுரத்தின் தெருக்கள்

பதினெட்டு வயதில் சமூகவியல் படிப்பதற்கும் முப்பத்தெட்டில் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று எழுதினார். 1965-ல் வெளியான அவருடைய நூல் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. முன்பெல்லாம் நிலம், கௌரவம், அதிகாரம் மூன்றும் அக்கிரகாரத்திலேயே குவிந்திருந்தன. பிறகு பஞ்சாயத்தும் கட்சி அரசியலும் வந்து அதிகாரத்தை அங்கிருந்து நகர்த்திவிட்டன என்பது அவர் காட்டும் மாற்றம். அதற்குச் சற்று முன்னர், 1950களின் தொடக்கத்தில், காத்லீன் கஃப் என்ற ஆய்வாளர் இதே மாவட்டத்தில் 'கும்பபேட்டை' என்று அவர் பெயரிட்ட ஊரில் ஆய்வு செய்தார். 1976-ல் மறுபடியும் வந்து பார்த்தார்.

கல்லூரி மாணவருக்கு இது பத்து மார்க் கேள்வி. பாபநாசத்திலோ திருவையாற்றிலோ இருந்து படிக்கும் ஒரு பெண்ணுக்கு இது அவர் தினமும் நடக்கும் தெரு. யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், குத்தகை நெல் யார் களத்தில் அளக்கப்பட்டது, முதல் பஞ்சாயத்துத் தேர்தலில் தாத்தா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதெல்லாம் அவருக்குக் கதையாகத் தெரியும். அந்தக் கதைகளுக்கு ஒரு சட்டகம் கிடைக்கும்போது நடப்பதைத்தான் நான் கல்வி என்பேன். பெத்தேய் சொன்னது இன்றும் பொருந்துகிறதா, பெண்களின் பேச்சு அதில் எவ்வளவு வருகிறது, சேரியிலிருந்து பார்த்தால் அதே ஊர் எப்படித் தெரியும் என்று கேட்கும் உரிமையும் அந்தப் பெண்ணுக்கு உண்டு. அதற்கான சான்று அவர் கையிலேயே இருக்கிறது.

வரலாற்றிலும் இப்படித்தான். சோழர் என்றாலே இப்போது சினிமாவும் சண்டையும். ஆனால் சோழ அரசு எப்படிப்பட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே அரை நூற்றாண்டாக ஒரு விவாதம் நடக்கிறது. நீலகண்ட சாஸ்திரி 1930களில் எழுதிய நூல், அதிகாரிகளும் ஆவணங்களும் நிறைந்த வலுவான மைய அரசாகச் சோழரைக் காட்டியது. 1980-ல் பர்ட்டன் ஸ்டெய்ன் அதை மறுத்தார். காவிரிப் படுகைக்கு வெளியே மன்னனின் கை அவ்வளவு நீளமில்லை, 'நாடு' எனப்பட்ட ஊர்த் தொகுதிகள் தங்களைத் தாங்களே ஆண்டன, மன்னனுக்குச் சடங்கு மேன்மையே மிச்சம் என்றார். கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுத்தால் செய்த ஆய்விலிருந்து அந்தக் கருத்தை எடுத்து வந்தார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களையும் பதவிப் பெயர்களையும் எண்ணிப் பார்த்தார்கள். ராஜராஜன் காலத்து நில அளவையும் வரி வசூலும் ஸ்டெய்ன் சொல்வதற்கு எதிராக நிற்பதைக் காட்டினார்கள்.

'சோழ அரசு மையப்படுத்தப்பட்டதா? விவாதிக்க' என்று ஓர் அசைன்மென்ட் கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையில் வேலை செய்யும் ஒருவர் எழுதினால் அந்தப் பதில் எப்படி இருக்கும்! சென்னையில் போடும் உத்தரவு கிராமத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். ஒரு பதவிப் பெயர் கல்வெட்டில் இருப்பதாலேயே அந்த அதிகாரி சொன்னது நடந்ததா என்று கேட்க அவருக்குத் தோன்றும். அந்தக் கேள்வி இளைஞருக்குச் சுலபத்தில் தோன்றாது.

ஜெராக்ஸ் கடையில் விற்கும் பதில்

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் அந்த வருவாய்த் துறைக்காரர் அசைன்மென்ட்டைத் தானே எழுத வேண்டும். அதை ஒருவர் படிக்க வேண்டும். நம் ஊரில் இரண்டுமே அபூர்வமாகிவிட்டன.

அசைன்மென்ட்டுக்குத் தயார்ப் பதில்கள் ஜெராக்ஸ் கடைகளில் விற்கின்றன. இப்போது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகவே வருகின்றன. கையால் எழுதித் தர வேண்டும் என்ற விதிக்கு, காசு வாங்கிக்கொண்டு எழுதித் தர ஆட்கள் இருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்தக் காசும் மிச்சம். இக்னோ இளங்கலையில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். அசைன்மென்ட் கொடுக்காமல் தேர்வு எழுத முடியாது. ஆகவே எல்லோரும் கொடுக்கிறார்கள். கட்டுக் கட்டாகக் குவிவதைத் திருத்துகிறவர் பெரும்பாலும் வேறு கல்லூரியில் முழுநேர வேலை பார்க்கும் ஆசிரியர்; ஒரு தாளுக்கு அவருக்குக் கிடைப்பது சொற்பம். அவர் முதல் பக்கத்தைப் பார்க்கிறார், கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறார், மார்க் போடுகிறார். திருத்திய தாள் மாணவர் கைக்குத் திரும்பி வருவதே பல இடங்களில் நடப்பதில்லை.

மாணவரைத் திட்டுவது சுலபம். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த கட்டுரையை, எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு, இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒருவர் எதற்கு யோசித்து எழுத வேண்டும்? இங்கே உடைந்தது ஓர் உறவு. ஜென்னி லீயின் பல்கலைக்கழகத்திலிருந்து பாடநூலை எடுத்துக்கொண்டோம், ஒளிபரப்பை எடுத்துக்கொண்டோம், கிரெடிட்டை எடுத்துக்கொண்டோம். ஓரக் குறிப்பு எழுதும் ட்யூட்டரைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு நடைமுறையில் கைவிட்டோம். அறிவியல் பாடத்தில் விடை சரியா தவறா என்று மாணவரே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். வரலாற்றிலும் சமூகவியலிலும், எழுதி, மறுப்பு வாங்கி, திருப்பி எழுதினால்தான் யோசனை வளரும். அது போய்விட்டால் மிஞ்சுவது மனப்பாடம்.

பாடநூல்கள் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இக்னோவின் வரலாறு, அரசியல், சமூகவியல் புத்தகங்களைத்தான் ஐஏஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் தேடிப் படிக்கிறார்கள். இஞான்கோஷ் தளத்தில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழில் படிக்க நினைப்பவருக்குத்தான் திண்டாட்டம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ் வழியில் பாடங்கள் நடத்துவது பெரிய உதவி. ஆனால் பாடநூலைத் தாண்டி மேற்கொண்டு ஒரு நூலைப் படிக்கப் போனால், ஸ்டெய்னுக்கும் கஃபுக்கும் ஆங்கிலத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு தமிழில் வந்திருப்பதுபோல, அவரை மறுத்தவர்களின் நூல்களும் வந்தால்தான் தமிழ் வழி மாணவரால் விவாதத்தில் கலந்துகொள்ள முடியும்.

சேர்வதற்கு முன் சில விதிகள். பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த தொலைநிலைப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2020-ன் ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. அந்த அங்கீகாரம் பாடவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2022 முதல் இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்கவும் வழி உண்டு. தமிழ்நாடு அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் 2009-ல் வந்த அரசாணை 107-ஐ அறிந்திருக்க வேண்டும்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் திறந்தநிலைப் பட்டம் செல்லும். பள்ளியை இடையில் விட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், இது தெரியாமல் நேராகப் பட்டத்தில் சேர்ந்து பிறகு தேர்வாணைய வாசலில் நின்று அழுதிருக்கிறார்கள். முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுவது நல்லது. தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் 'ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ' என்ற வெளியேறும் வழி, படிப்பை நிறுத்துவதற்கு ஒரு கௌரவமான பெயர் ஆகிவிடும் என்று தமிழ்நாட்டில் எழுந்த அச்சம் நியாயமானது. கதவு வெளியே போக மட்டும் திறந்திருந்தால் பயனில்லை. திரும்பி வருகிறவரைப் பெயர் சொல்லி அழைக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

செயலி, ஸ்மார்ட் வகுப்பு, பதிவு செய்த வீடியோ என்று பணம் செலவாகிறது. அதில் ஒரு பங்கை அசைன்மென்ட் திருத்துகிறவரின் ஊதியத்துக்குக் கொடுங்கள் என்பதே பல்கலைக்கழகங்களிடம் என் கோரிக்கை. ஓர் ஆசிரியருக்கு இருபத்தைந்து, முப்பது மாணவர்களுக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே கேள்வி வேண்டாம். மாணவரின் ஊர், தொழில், குடும்பம் உள்ளே வந்தே தீர வேண்டிய கேள்வியாகக் கொடுங்கள். உங்கள் தெருவில் பெத்தேய் சொன்ன மாற்றம் நடந்திருக்கிறதா என்று கேட்டால் எந்த ஜெராக்ஸ் கடையிலும் பதில் கிடைக்காது. ஆண்டுக்கு இரண்டு கட்டுரை போதும்; ஆனால் அவற்றை ஒருவர் முழுதாகப் படித்து, அரைப்பக்கம் பதில் எழுதி, மாணவர் கையில் சேர்க்க வேண்டும்.

ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை திறக்கும். இந்த முறை விண்ணப்பம் வாங்கப் போகிறவர்கள் கட்டணம் எவ்வளவு, தேர்வு எப்போது என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: என் அசைன்மென்ட்டைத் திருத்தப் போகிறவர் யார், அவர் எழுதிய குறிப்போடு அது எந்த மாதம் எனக்குத் திரும்பி வரும்?